தொண்ணூற்று மூன்று டிகிரி

"அந்தப் பொண்ணு தேறாது, டீச்சர்."

கொடைக்கானலில் ஒரு பேக்கரி மாடியில் எஸ்தர் டீச்சர் டியூஷன் நடத்திவந்தார். சொன்னவன் அழகுராஜா, மதுரைக்காரன். பாடம் சொல்லித்தரும் வித்தையைக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்து சேர்ந்திருந்தான். டீச்சர் அவனைவிட இரண்டு வயது இளையவர். அதில் அவனுக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனாலும் சந்தேகம் என்று வந்தால் அவரிடம்தான் போவான்.

இன்று அவன் சந்தேகத்தோடு வரவில்லை. முடிவோடு வந்திருந்தான்.

"எந்தப் பொண்ணு?"

"அனுசுயா. பத்தாவது. வாயே திறக்க மாட்டேங்குது. கேள்வி கேட்டா பக்கத்துல இருக்கிறவ மூஞ்சியப் பாக்குது."

"வந்த புதுசுல நல்லாப் பேசுவாளே."

"பேசுச்சு. அப்படிப் பேசினதுதான் வம்பாப் போச்சு."

"என்ன வம்பு?"

அழகுராஜாவுக்கு இப்போதும் சிரிப்பு வந்தது. "போன மாசம் தண்ணியக் கொதிக்க வச்சு, தெர்மாமீட்டரைப் போட்டு, ஒவ்வொருத்தரா வந்து பாத்துச் சொல்லுங்கன்னேன். எல்லாரும் நூறுன்னாங்க. இது மட்டும் குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு தொண்ணூத்தி மூணுன்னுச்சு. ஏம்மா, தண்ணிக்கே நீ பாடம் எடுக்கிறியான்னு கேட்டேன். கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. இப்பப் பசங்க அதுக்குத் தொண்ணூத்தி மூணுன்னே பேர் வச்சுட்டாங்க."

டீச்சர் சிரிக்கவில்லை.

"பதினொண்ணாவதுல சயின்ஸ் எடுக்கணும்னு அதுக்கு ஆசையாம். அவங்கம்மா இப்ப வருவாங்க, எடுக்கலாமான்னு கேக்க. வேண்டாம்னு சொல்லிரப்போறேன். பாவம், எதுக்கு வீணா கஷ்டப்படணும்?"

"அடுப்பைப் பத்த வைங்க," என்றார் டீச்சர்.

டீ போடச் சொல்கிறார் என்று நினைத்து உற்சாகமாகப் பற்றவைத்தான். டீச்சர் கண்ணாடிக் குவளையில் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்து, அதில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"எவ்வளவு?"

"நூறு," என்றான், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே.

"பாத்துச் சொல்லுங்க."

"இதுல பாக்க என்ன இருக்கு, டீச்சர்?"

டீச்சர் தெர்மாமீட்டரை விரலால் காட்டினார்.

குனிந்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான்.

தொண்ணூற்று மூன்று.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு."

டீச்சர் அலமாரியிலிருந்து புதிய தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்து நீட்டினார். உறையை அவனே பிரித்தான். தண்ணீரில் அவனே விட்டான். பாதரசம் விறுவிறுவென்று ஏறி, அதே தொண்ணூற்று மூன்றில் நின்றது.

அடுப்பைக் கூட்டினான். தண்ணீர் துள்ளியது. பாதரசம் அசையவில்லை.

"போன வாரம் என்ன பாடம் எடுத்தீங்க?"

"காற்றழுத்தம்."

"என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

"உயரமான எடத்துல காத்தோட அழுத்தம் கம்மி. அதனால அங்க தண்ணி நூறுக்கு முன்னாடியே..."

அவன் நிறுத்திவிட்டான்.

"என்ன உதாரணம் சொன்னீங்க?"

"இமயமலை," என்றான்.

ஜன்னலுக்கு வெளியே மேகம் தெருவுக்குள் இறங்கி, பேக்கரியின் பெயர்ப் பலகையை மறைத்துக்கொண்டிருந்தது.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனையோ தடவை இந்த ஊரில் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறான். ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

"ஐயோ, டீச்சர். அந்தப் பொண்ணு கண்ணால பாத்ததச் சொல்லியிருக்கு. அத்தனை பேரும் பாக்காமலே சொல்லியிருக்காங்க. நான் அவங்களோட சேந்துக்கிட்டு..."

முடிக்காமல் கதவுக்கு ஓடினான். வகுப்புக்கு வந்த பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அனுசுயா கடைசிப் படியில் தனியாக இருந்தாள்.

"அனுசுயா, உள்ள வாம்மா."

துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். திட்டு விழப்போகிறது என்று முகமே சொன்னது.

"திட்ட மாட்டேன். இதப் பாத்து எவ்வளவுன்னு மட்டும் சொல்லு."

அவள் குனிந்தாள். கண்ணைப் பாதரசத்துக்கு நேராகக் கொண்டுவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். இவ்வளவு ஒழுங்காக அளவு பார்க்கும் பிள்ளையை அழகுராஜா கண்டதில்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதோ, இந்த நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

அவள் நிமிர்ந்தாள். அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"நூறு, சார்."

"இல்லம்மா. நல்லாப் பாரு."

அவள் மறுபடி குனிந்தாள். மறுபடி நிமிர்ந்தாள்.

"நல்லாப் பாத்துட்டேன் சார். நூறுதான்."

என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சர் பக்கம் திரும்பினான்.

"தேறாதுன்னீங்களே, சார்," என்றார் டீச்சர். "உங்க பாடத்துல தேறிட்டாளே."

அழகுராஜா அடுப்புக்குப் பக்கத்தில் மண்டி போட்டான். தலையைச் சாய்த்து, கண்ணைப் பாதரசத்துக்கு நேராகக் கொண்டுபோனான்.

"எனக்குத் தொண்ணூத்தி மூணுன்னு தெரியுதும்மா," என்றான், மாடிப்படி வரை கேட்கிற மாதிரி. "அன்னிக்கும் தொண்ணூத்தி மூணுதான். நீ சொன்னதுதான் சரி."

அனுசுயா பதறிப்போய்க் கதவைப் பார்த்தாள். சட்டென்று அவன் பக்கத்தில் குனிந்தாள்.

"மெதுவாச் சொல்லுங்க, சார்," என்றாள். "வெளிய பசங்க இருக்காங்க. உங்களுக்கும் பேர் வச்சுருவாங்க."