வெறும் தட்டு

“புளுகு! அத்தனையும் புளுகு மேடம்! அந்த அம்மா ஆய்வே செய்யல. உக்காந்த இடத்துல எழுதித் தள்ளியிருக்காங்க.”

ஆவுடையப்பன், வேறொரு ஆய்வாளர் எழுதிய கட்டுரையை மேசைமேல் வீசினார். இரும்புக்கடையை விற்றுவிட்டு, நாற்பத்தேழு வயதில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். வழிகாட்டி ரெஜினாள் அவரைவிட ஆறு வயது இளையவர்.

“என்ன எழுதியிருக்காங்க?”

“பெராக்சைடு கண் லென்ஸ் செல்லை அரிச்சுக் கொல்லுமாம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கொடுத்தா செல்லோட தற்காப்பு முறுக்கேறிப் பிழைச்சுக்குமாம். செல் வளர்க்கிற ரெண்டு தட்டுலயும் பெராக்சைடு ஊத்தி நான் மூணு தடவை செஞ்சுட்டேன். ஹார்மோன் போட்ட தட்டும் பிழைக்குது, போடாத வெறும் தட்டும் பிழைக்குது. அப்ப அந்த ஹார்மோன் என்னத்தைக் கிழிச்சுது?”

“அதுக்கு?”

“புகார் எழுதிட்டேன். அந்த அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வச்சிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை விசாரணை.”

ரெஜினாள் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினார். செல்களுக்கு ஊட்டும் திரவம்தான். ஆவுடையப்பன் வழக்கமாக ஊற்றுவது சாயம் கலந்து சிவப்பாக இருக்கும். இதில் நிறமே இல்லை.

“இதுல வளர்த்து இன்னொரு தடவை செய்ங்க.”

முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார்.

புதன்கிழமை காலை நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிர வெகுநேரமாயிற்று. ஹார்மோன் தட்டில் செல்கள் அடியைப் பற்றிப் படர்ந்திருந்தன. வெறும் தட்டில் சுருண்டு மிதந்தன.

“மேடம்... அந்தச் சிவப்புச் சாயம்தானே?”

“சாயம்தான். ஈஸ்ட்ரோஜன் செய்ற வேலையை அதுவும் கொஞ்சம் செய்யும்.”

“அப்ப என் வெறும் தட்டு...”

“வெறுமையா இருந்ததே இல்ல.”

ஆவுடையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அடுத்த கட்டுரையில ஓரமா ஒரு வரி போட்டுடுறேன்.”

ரெஜினாள் அவரையே பார்த்தார்.

“சரி, ஒரு பத்தி.”

“எந்தத் திரவம் ஊத்தினீங்கன்னு அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“இல்ல.”

“புகார் எத்தனை பக்கம்?”

“நாலு.”

“யார் யாருக்கு?”

“துணைவேந்தர், துறைத்தலைவர், பத்திரிகை ஆசிரியர்... ஒருத்தரையும் விடல.”

“இன்னும் ரெண்டு நாள் இருக்கு. ஒருத்தரையும் விடாம, தப்பு என்னுதுதான்னு அதே நாலு பக்கம் எழுதுங்க. முதல் பிரதி அந்த அம்மாவுக்கு. தபால்ல போடாதீங்க, நீங்களே போய்க் கையில கொடுங்க.”