மூன்றாம் திரையில் மாட்டிக்கொண்ட கல்யாணம்

"மேஜைக்கு அடியிலயும் இல்ல," என்று கொம்பையா எழுந்தான். எழுந்த வேகத்தில் தலை மேஜையில் இடித்தது. மேஜை மேல் இருந்த டீ கிளாஸ் கவிழ்ந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அவன் தேடியது மெனு பட்டனை. காலை வரை கம்ப்யூட்டர் திரையின் இடது மூலையில் இருந்த அதே பட்டனைத்தான். உருண்டையாக இருந்ததால் கீழே உருண்டிருக்கும் என்பது அவன் கணக்கு. அவன்தான் அந்த அச்சகத்தின் மிஷின் மேன்.

"பெருக்கும்போது குப்பையோட போயிருக்குமோ?" என்றாள் ரெஜினா அக்கா. அச்சகம் அவளுடையது. கேட்டதோடு நிற்காமல் குப்பைக்கூடையை நடு ஹாலில் கொட்டிக் கிளறவும் தொடங்கினாள்.

இசக்கியப்பன் மட்டும் எதையும் தேடவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன் அவன். அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். பெண் செண்பகவல்லியின் அப்பா சங்கரபாண்டி நாலு மணிக்குப் பத்திரிகை வாங்க வருகிறார். மாப்பிள்ளையே அச்சகத்தில் இருக்கும்போது பத்திரிகைக்கு என்ன அவசரம் என்று இரண்டு வீட்டாரும் கடைசி வாரம் வரை விட்டுவிட்டார்கள். அந்தப் பத்திரிகை இப்போது மூன்றாம் திரையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ நாலாம் திரை. அதில் நீல நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியைத்தான் காணோம்.

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன ஆள் இசக்கி. இதுவும் போனால் ஊரில் பெண் கொடுக்க ஆள் இல்லை.

இவ்வளவுக்கும் காரணம் கிளாட்வின் சார் என்று மூன்று பேரும் சொன்னார்கள். பாவம், அந்த மனுஷன் நல்லதுதான் சொன்னார். கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தவர் அவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில், சினிமாப் பாட்டு என்று எல்லாம் ஒரே திரையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு அந்த ஒரே மானிட்டருக்குள் நாலு திரை ஏற்படுத்தினார். கீழே வரிசையாக நாலு கட்டம் வைத்தார். எந்தக் கட்டத்தை அமுக்குகிறோமோ அந்தத் திரை வரும்.

"ஒரு திரைக்கு ஒரு வேலை. ஒண்ணுல ஒண்ணைக் கலக்காதீங்க," என்று சொல்லிவிட்டுத் தென்காசிக்கு பஸ் ஏறினார்.

அவர் பஸ் ஏறியதும் இவர்கள் கூட்டம் போட்டார்கள்.

"வேலையே கலக்கக்கூடாதுன்னா, ஆளு கலக்கலாமா?" என்றாள் ரெஜினா அக்கா.

"கூடவே கூடாது," என்றான் கொம்பையா.

"நாற்காலி?"

கொம்பையா வெகுநேரம் யோசித்தான். "நாற்காலியும் கலக்கக்கூடாது."

ஆக, நாலு திரைக்கு நாலு நாற்காலி போட்டார்கள். கடை குறுகலானது. முதல் நாற்காலி கம்ப்யூட்டருக்கு எதிரே, இரண்டாவது அதற்குப் பக்கத்தில், மூன்றாவது வாசற்படியில். நாலாவதுக்கு இடம் இல்லாமல் தெருவில் டிரான்ஸ்பார்மர் ஓரம் போட்டார்கள். திரை மாறும்போதெல்லாம் இசக்கி எழுந்து அந்தந்த நாற்காலிக்குப் போய் உட்கார வேண்டும். மவுஸ் வயர் இரண்டாம் நாற்காலி வரைதான் எட்டியது. அதனால் கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணும்போது இசக்கி வாசற்படியில் இருந்து, "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம், போதும், பிள்ளையாரைத் தாண்டிட்டே," என்று கத்துவான். உள்ளே கொம்பையா நின்றுகொண்டே மவுஸை நகர்த்துவான். அவன் உட்காரக்கூடாது. அது அவன் திரை இல்லை.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. கிளாட்வின் சார் அன்று காலை போன் பண்ணி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"திரையெல்லாம் நல்லா இருக்கு சார். மெனுதான் அனுமார் வால் மாதிரி இருக்கு," என்றான் இசக்கி.

"பயன்படுத்தாததை எல்லாம் எடுத்துருங்க. அடிக்கடி தேவைப்படுறதை மட்டும் மெனுவுக்குள்ள வைங்க," என்றார் அவர்.

மறுபடி கூட்டம்.

"எதை எல்லாம் நாம பயன்படுத்தல?" என்று ரெஜினா அக்கா ஆரம்பித்தாள்.

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். நேத்து முடிஞ்சு போச்சுல்லா."

அன்று காலையில் கரண்டு இல்லை. அப்போதுதான் வந்திருந்தது. ஆகவே பிரிண்டர் இன்று பயன்படவில்லை, எடு. பில் போடவில்லை, எடு. டிசைன் சாப்ட்வேரைக் கரண்டு வந்ததுமே இசக்கி திறந்துவிட்டான், ஏற்கெனவே மூன்றாம் திரையில் திறந்து கிடக்கிறது. திறந்து கிடப்பதை எவன் மறுபடி திறப்பான், எடு. கம்ப்யூட்டரை அணைக்கிற பட்டன் என்று ஒன்று இருந்தது. ரெஜினா அக்கா தினமும் சுவர் சுவிட்சைத் தட்டித்தான் அணைப்பாள். அதையும் எடுத்தார்கள். எல்லாம் போக, கரண்டு வந்த கையோடு கொம்பையா ஆடிய சீட்டு விளையாட்டு மட்டும் மிஞ்சியது.

"எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க," என்று கொம்பையா பூரித்துப்போனான்.

"அடிக்கடி தேவைப்படுறதை உள்ள வைக்கச் சொன்னாரே," என்று இசக்கி நினைவுபடுத்தினான். "நமக்கு அடிக்கடி எது தேவைப்படுது?"

மூன்று பேரும் மண்டையைக் குடைந்தார்கள்.

"எதை எடுக்கணும்னாலும் முதல்ல மெனு பட்டனைத்தான் அமுக்குதோம்," என்றான் கொம்பையா.

"அப்ப அதுதான்."

"அதுக்கு அடுத்தது அந்த நாலு கட்டம்."

"அதையும் வை."

மெனு பட்டனையும் நாலு கட்டத்தையும் இழுத்து மெனுவுக்குள் போட்டான் இசக்கி. வெளியே கிடந்தால் கடைக்கு வருகிற எவனாவது அமுக்கிவிடுவான், உள்ளே இருந்தால் பத்திரம் என்று ரெஜினா அக்காவுக்கும் திருப்தி. மெனு மூடிக்கொண்டது. மெனுவைத் திறக்கிற பட்டன் மெனுவுக்குள் மிகவும் பத்திரமாக இருந்தது.

அதைத்தான் இப்போது மேஜைக்கு அடியிலும் குப்பையிலும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இசக்கி மறுபடி கிளாட்வின் சாரைக் கூப்பிட்டான். "சார், பட்டனைக் காணோம். மாமனார் வந்துருவாரு."

"திரையில என்ன தெரியுதுன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பாத்துட்டுச் சொல்லுதேன்."

கல்யாண சமாச்சாரம், போட்டோ சுமாராக இருக்கக்கூடாது என்று ரெஜினா அக்கா சொல்லிவிட்டாள். கொம்பையா மானிட்டரின் வயர்களைப் பிடுங்கி, அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனான். ஸ்டுடியோக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. மானிட்டரை ஸ்டூலில் உட்கார வைத்து, துணியால் முகம் துடைத்து, பின்னால் வெள்ளைத் திரை கட்டி எடுத்தார். பாஸ்போர்ட் சைஸில் எட்டு காப்பி. கொம்பையா மானிட்டரைத் திரும்பக் கொண்டுவந்து வயர்களை மாட்டினான். இசக்கி அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, அதை போனில் போட்டோ பிடித்து அனுப்பினான்.

கிளாட்வின் சார் உடனே கூப்பிட்டார். "ஏ, இது கரண்டே இல்லாத மானிட்டர். இதுக்கு எதுக்குடே வெள்ளைத் துணி?"

"நீலத்துணிதான் கேட்டோம் சார். துவைக்கப் போட்டிருக்காம்."

அவர் மெதுவாகப் பேசினார். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது இந்தப் பக்கம் கேட்டது.

"இசக்கியப்பா, நல்லாக் கேட்டுக்கோ. நான் வந்து பாக்குத வரைக்கும் நீ எதையும் தொடாத. என்ன?"

"சரி சார்."

போன் அவன் கையில் இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கையை விட்டான். கொம்பையா பாய்ந்து பிடித்து அவன் சட்டைப் பையில் போட்டான்.

"கம்ப்யூட்டரைத் தொடாதன்னு சொன்னாரா?" என்று ரெஜினா அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. எதையும் தொடாதன்னு சொன்னாரு."

"அப்ப நீ எழுந்திரி. நாற்காலியில ஒட்டிக்கிட்டு இருக்கே."

எழுந்து நின்றான்.

"தரையைத் தொடுதானே," என்றான் கொம்பையா.

"செருப்புதான் தொடுது," என்று ரெஜினா அக்கா தீர்த்து வைத்தாள்.

சரியாக அந்நேரம் சங்கரபாண்டி மாமா மஞ்சப்பையோடு உள்ளே வந்தார். நடுக்கடையில் இரண்டு கையையும் அகட்டி வைத்துக்கொண்டு, நனைந்த காக்கா மாதிரி மாப்பிள்ளை நின்றான்.

"பத்திரிகை ரெடியா மாப்பிள்ளை?"

"மூணாம் திரையில இருக்கு மாமா. வழிதான் இல்ல."

மாமா நீலத் திரையைப் பார்த்தார். தெருவில் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். எட்டு பாஸ்போர்ட் போட்டோவையும் பார்த்தார். வேறு ஆளாக இருந்தால் அங்கேயே சம்பந்தத்தை முறித்திருப்பார். இவர் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டார்.

"சொந்தக்காரங்களை நானே வாயால கூப்பிட்டுக்கிடுதேன்," என்றார். "நீங்க ஒரு மண்ணும் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை வந்து தாலியை மட்டும் கட்டுங்க. அதையாவது சொன்னபடி செய்வீங்களா?"

"செய்வேன் மாமா," என்றான் இசக்கி. சத்தியமாகத்தான் சொன்னான்.

அதன் பிறகு சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்க முடியாது. அடுத்தவன் போனை எடுப்பது மரியாதை இல்லை என்று கொம்பையாவும் எடுக்கவில்லை. சார்ஜ் தீர்ந்து அதுவே ஓய்ந்தது. சரி, பட்டன் கிடைத்துவிட்டது போல என்று கிளாட்வின் சார் அங்கே தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இங்கே கொம்பையா இசக்கிக்குச் சோறு ஊட்டினான்.

வெள்ளிக்கிழமை. பட்டு வேட்டியை நாலு பேர் சேர்ந்து கட்டிவிட்டார்கள். மணவறையில் கனத்த ஜமுக்காளம் விரித்து, அதன் மேல் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்தில் செண்பகவல்லி தலை குனிந்திருந்தாள். ஐயர் தாலியை எடுத்து நீட்டினார்.

"கட்டுங்கோ."

இசக்கி இரண்டு கையையும் பிரித்து வைத்துக்கொண்டு மண்டப வாசலைப் பார்த்தான்.

"கட்டுங்க மாப்பிள்ளை," என்றார் மாமா.

"கிளாட்வின் சார் வரணும் மாமா. அவரு வந்து பாக்குத வரைக்கும் எதையும் தொடக்கூடாது."

மாமா முன்வரிசைக்குத் திரும்பினார். "யாருவே அது கிளாட்வின்? எங்க அந்த ஆளு?"

"அவரு எப்படி வருவாரு?" என்று கொம்பையா சாவகாசமாக எழுந்தான். "அவரு என்ன சொந்தக்காரரா, வாயால கூப்பிட? பத்திரிகை வச்சாத்தானே வருவாரு."

நாதஸ்வரக்காரர் மூச்சு முட்ட கெட்டிமேளம் வாசித்துக்கொண்டிருந்தார். ஐயர் தாலியை நீட்டியபடியே இருந்தார். கட்டு, கட்டு என்று மண்டபமே சொன்னது. இசக்கி கட்டவில்லை.