மாத்துனது போட்டோவை, சாம்பாரை இல்ல

"ஆமா மேடம், போட்டோவை நான்தான் ஜேபிஜியா மாத்துனேன். என் போன்ல எடுத்த ஃபைல் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல திறக்கலைன்னு, மாத்திக் கொண்டாரச் சொன்னதே நீங்கதானே? இப்ப மாத்தும்போதுதான் சாம்பார்ல புழு வந்துச்சுன்னா எப்படி?"

பேச்சி கேட்ட கேள்வியில மெஸ் ஹால்ல தட்டுச் சத்தம் நின்னுபோச்சு. சாம்பார்ல புழுன்னு அவ பொய்ப் புகார் குடுத்ததாச் சொல்லி, ஹாஸ்டலை விட்டே அனுப்பிருவேன்னு வார்டன் வசந்தகோகிலா மிரட்டிக்கிட்டு இருந்துச்சு. பேச்சிக்கு முதல்ல இருந்தே சந்தேகம். இந்தம்மா ஏன் புழுவைப் பாக்காம ஃபைலையே பாக்குது?

"சரி, சோதிச்சுப் பாத்துருவோம். அதே போன், அதே ஆப். உங்க தட்டைப் போட்டோ எடுத்து எல்லார் முன்னாடியும் மாத்துறேன். புழு வந்துச்சுன்னா இப்பவே பெட்டியைக் கட்டுறேன்."

வார்டன் பதறிப்போய் தட்டைக் கையால மறைச்சுக்கிட்டு, என் தட்டுல எப்படிப் புழு வரும்னு கத்துச்சு.

"என்ன மேடம், உங்க தட்டுல புழு வரவே வராதா? அது வீட்டுல இருந்து வந்த சாப்பாடா?"

ஒருத்தி களுக்குன்னு சிரிச்சா. அவ்வளவுதான், ஹாலே வார்டனுக்கு எதிராத் திரும்பிருச்சு.

பேச்சி சாம்பார் வாளியை வார்டன் முன்னாடி நகர்த்தி வச்சா.

"போட்டோவை விடுங்க மேடம். இந்த சாம்பாரை நீங்க ஏன் தொடுறதே இல்ல? இத்தனை பேரும் கேக்குறோம், இங்கயே சொல்லுங்க!"