வெள்ளி நுரையும் ஏழு பக்கப் புகாரும்

இருதயராஜ் கொதித்துப்போய் வந்தார். கையில் ஏழு பக்கப் புகார். இருபது வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்த மனிதர். அவருடைய ஆய்வு வழிகாட்டி தமயந்தி அவரைவிடப் பத்து வயது இளையவர்.

வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் பெரிய லேசர் இருதயராஜுக்குக் கிடைக்கும். மிளகளவு வெள்ளி நுரையை, அதாவது நுண்துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற வெள்ளியை, அதன் முன் வைக்க வேண்டும். லேசர் பட்டதும் நுரை முழுக்கக் கொதித்து எக்ஸ் கதிராகக் கொட்ட வேண்டும். இன்று காலை அது மங்கலாக மினுங்கி அணைந்துவிட்டது. ஒரு வருட உழைப்பு பாழ்.

"லேசர் ஓட்டின சாகுல்தான் மேடம் காரணம். இந்த வாரம் அவனுக்கு வேலை நீட்டிப்பு தரப்போறாங்களாம். தரவே கூடாது. கையெழுத்துப் போடுங்க."

"லேசர் அளவு சரியாத்தானே பதிவாயிருக்கு?"

"பதிவு பண்ணினதும் அவன்தானே?"

"நுரை எப்படி?"

"அதுல என்ன குறை? ஊதினா பறக்கிற பொருளை நம்பி எப்படி வைக்கிறது? நீங்க சொன்னதைவிட அஞ்சு மடங்கு வெள்ளி சேர்த்து, கெட்டியாக்கித்தான் வச்சேன்."

தமயந்தி கையை நீட்டினார். புகாரை வாங்கிக்கொண்டு இருதயராஜ் பின்தொடர, ஆய்வகத்தின் பின்பக்க டீக்கடைக்கு நடந்தார். தீப்பெட்டி கேட்டு வாங்கினார். ஏழு பக்கங்களையும் சேர்த்து இறுக்கி இறுக்கி மடித்து, ஒரு தட்டில் வைத்துக் கொளுத்தினார்.

"மேடம், அதுக்கு நகல்கூட இல்ல!" இருதயராஜுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

காகிதத்தின் ஓரம் கருகிப் புகைந்து அணைந்தது. இரண்டாவது குச்சியும் அப்படியே.

தமயந்தி மடிப்பைப் பிரித்தார். ஒவ்வொரு தாளையும் லேசாகக் கசக்கித் தளரக் குவித்தார். மூன்றாவது குச்சியை வைத்தார். குவியல் மொத்தமும் ஒரே மூச்சில் பற்றி எரிந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் இரண்டடி பின்வாங்கினார்.

கத்தத்தான் இருதயராஜ் வாயைத் திறந்தார். பிறகு தட்டின் மேல் குனிந்தார். சாம்பலையே பார்த்தார்.

"அதே காகிதம்தானே மேடம். இறுக்கி வச்சதாலதான் பிடிக்கலையா?" என்றார் கடைசியில்.

தமயந்தியின் முகத்தில் கோபம் இன்னும் தணியவில்லை. அணைந்துபோன இரண்டு குச்சிகளையும் எடுத்து இருதயராஜின் உள்ளங்கையில் வைத்தார்.

"சாகுல் மேல எழுதின மாதிரி இதுங்க மேலயும் ஏழு பக்கம் எழுதிக் கொண்டுவாங்க. கையெழுத்துப் போடறேன்."