தனியாகப் போட்ட இலை

நல்லபெருமாள் தன் குருவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மடத்துப் பந்தியில். குருவைவிடச் சீடருக்கு வயது கூட. ஊரில் தலைமையாசிரியர், மடத்தில் பதிகம் பாடுகிறவர். அவர் குரலெடுத்தால் அடுப்படியில் கரண்டி நின்றுவிடும்.

அன்று ஒரு கேள்வியோடு வந்திருந்தார்.

"சாமி, தவமணி என்று ஒரு டீச்சர் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருக்கிறார். பழைய பள்ளியில் விருதெல்லாம் வாங்கியவராம். இங்கே வந்து குரலே எழும்பவில்லை. பிள்ளைகள் தூங்கி விழுகின்றன. வேறு எங்காவது அனுப்பிவிடுங்கள் என்று நாளைக்கு மேலே எழுதிவிடலாமென்று இருக்கிறேன். சாமி என்ன சொல்கிறீர்கள்?"

"முதலில் சாப்பிடும் ஓய்."

எல்லோருக்கும் வரிசையாக இலை விழுந்தது. நல்லபெருமாளின் இலையை மட்டும் தூணுக்கு அப்பால், செருப்பு விடும் இடத்தருகே போடச் சொன்னார் குரு.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது. பேச்சு மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. பந்தியில் ஒரே சிரிப்பு. நம்மைப் பற்றித்தானோ என்று இருந்தது அவருக்கு.

கை கழுவியதும் குரு கூப்பிட்டார்.

"எங்கே, ஒரு பதிகம் பாடும்."

இரண்டாவது அடியிலேயே சுருதி இறங்கியது. மூன்றாவது அடி மறந்தே போயிற்று.

"என்ன ஓய், பூனை மாதிரி முனகுகிறீர்? போன தடவை கூரை பிய்த்துக்கொண்டு போயிற்றே!"

"இலையைத் தனியாகப் போட்டால் பாட்டு எங்கிருந்து வரும் சாமி?"

"பாடுகிறது தொண்டைதானே? அதை நான் தொடவே இல்லையே."

சீடர் தூணுக்கு அப்பால் திரும்பிப் பார்த்தார்.

"உம்ம டீச்சர் மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறார்?"

"நாங்களெல்லாம் ஆபீஸ் ரூமில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் டப்பாவில் ஒருவர் எடுத்துச் சாப்பிடுவோம். அவர் வகுப்பிலேயே..."

"அவராகப் போனாரா?"

"யாரும் கூப்பிடவில்லை, சாமி."

"அப்படியானால் நாளைக்கு எழுதும்போது யார் பெயரை எழுதுவீர்?"

மறுநாள் மத்தியானம் ஆபீஸ் ரூம் வட்டத்தில் தவமணிக்கும் ஓர் இடம் போடச் சொன்னார் நல்லபெருமாள்.

அடுத்த மாதம் குரு சமாதியானார். நல்லபெருமாள் ஓய்வு பெற்றும் வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பள்ளியில் நான்காம் வகுப்பு தவமணி டீச்சருடையது. அவர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது பஸ் ஸ்டாப் வரை கேட்கிறது.