எழுத்தோட ஏறின செக்கர்

மதுரை சிம்மக்கல்லுல ஒரு பாத்திரக்கடைக்கு மேல, மாடியில, பிலோமினா டீச்சரோட பட்டறை இருந்துச்சு. பழைய கம்ப்யூட்டருக்கு உசுரு குடுக்குற எடம். டிவிப் பெட்டியில மாட்டி ஓட்டின காலத்து மெஷினுங்க, காயலாங்கடையில எடைக்குக் கிடந்ததுங்க, எல்லாம் அங்கதான் வந்து எந்திரிச்சு உக்காரும்.

டீச்சருக்கு வயசு முப்பத்தஞ்சு இருக்கும். சிஷ்யனுங்க ரெண்டு பேரும் பென்சன்காரங்க.

ஒருத்தரு தவசி. பேருல மட்டும்தான் தவசி. பஸ்ஸுல டிக்கெட் செக்கரா இருந்தவரு. கோயிலுக்குப் போனாக்கூட, சாமி உள்ள இருக்காருன்னு உறுதிப்படுத்திக்கிட்டுத்தான் கண்ணை மூடுவாரு.

இன்னொருத்தரு அழகுமலை. கண்டக்டரு. தவசி ஏறிச் சோதனை போட்ட பஸ்ஸுல பாதி இவரு பஸ்ஸு. அப்ப மொறைச்சுக்கிட்டுத் திரிஞ்சவங்க, ரிட்டயர் ஆனதும் மச்சான் மச்சான்னு ஒட்டிக்கிட்டாங்க. தவசி மக செல்வராணியை அழகுமலை மகனுக்குப் பேசி முடிக்கிற அளவுக்கு ஒட்டியாச்சு. விடிஞ்சா நிச்சயதார்த்தம்.

இன்னைக்குப் போயி மெஷின் மக்கர் பண்ணுது.

தவசி மெஷின் முன் ரூம்ல. அழகுமலை மெஷின் பின் ரூம்ல. நடுவுல ஒரு வயர். இங்க அடிச்சா அங்க திரையில தெரியணும், அங்க அடிச்சா இங்க தெரியணும். ரெண்டு பேரும் இங்கிலீசு எழுத்துல தமிழை அடிச்சுப் பழகிக்கிட்டு இருந்தாங்க. அழகுமலை அடிச்ச வணக்கம் முழுசா வந்துச்சு. அடுத்த வரியில பாதி எழுத்து, பாதி வெறும் கட்டம்.

கட்டம் விழுந்த எடத்தையெல்லாம் தவசி மனசுக்குள்ளயே ரொப்பிப் பாத்தாரு. ரொப்பினது பூரா வசவா வந்துச்சு.

"டீச்சர், இது மெஷின் கோளாறு இல்ல. ஆளு கோளாறு."

"எந்த ஆளுண்ணே?"

தவசி கண்ணாலயே பின் ரூமைக் காமிச்சாரு. "வணக்கம் மட்டும் சுத்தமா வருது பாத்தீங்களா? அதுக்குப் பின்னாடி அத்தனையும் கோணல். கண்டக்டரு சாதியே இப்படித்தான். நாம ஏறினதும் ஒரு கும்பிடு போடுவானுங்க. அங்கயே உசாராயிடணும்."

"அவரு எதுக்குக் கோணலா அனுப்பணும்?"

"விடிஞ்சா நிச்சயம். மனசு மாறிப்போச்சு. மூஞ்சிக்கு நேரா சொல்லத் தைரியம் இல்ல, கட்டம் கட்டமா சொல்றாரு."

"கூப்பிட்டுக் கேக்கலாம்ல?"

"கேட்டா உசாராயிடுவாரு டீச்சர்!"

டீச்சர் சிரிக்கல. அதுவே தவசிக்கு இடிச்சுச்சு. இதுக்குக்கூடச் சிரிக்கலைன்னா, இந்தம்மாவும் அந்தப் பக்கமோ?

அவரு போனை எடுத்தாரு. "வீட்டுல சொல்லி பந்தல்காரனை நிறுத்தச் சொல்லிடறேன். இப்ப நிறுத்தினா அசிங்கம் ரெண்டு வீட்டோட போகும்."

"கொஞ்சம் பொறுங்கண்ணே. மெஷினைப் பாத்துட்டு அப்புறம் மனுசனைப் பாப்போம்."

டீச்சர் மூடியக் கழட்டினாங்க. ஒவ்வொரு சில்லையும் கட்டை விரலால அமுக்கி விட்டாங்க. காலு கறுத்துப்போன இடத்தை அழி ரப்பரால தேச்சாங்க. அழகுமலைய அடிக்கச் சொன்னாங்க. கட்டம். வயரை மாத்தினாங்க. அப்பவும் கட்டம்.

"வயரு நல்லவன். நான்தான் சொன்னேன்ல" அப்படின்னாரு தவசி. வயருக்கு அவரு குடுத்த நற்சான்றிதழ் அவரு மருமகனுக்குக்கூடக் கெடைக்கல.

டீச்சர் வயரைப் பிடுங்கித் தரையில போட்டாங்க. கொண்டையில இருந்து ஊசியை உருவி, மெஷினுக்குப் பின்னாடி பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு ஓட்டையில ரெண்டு முனையையும் சொருகினாங்க.

"இப்ப இது பேசுறது இதுக்கே கேக்கும். அடிங்கண்ணே."

தவசி மக பேரை அடிச்சாரு. முழுசா வந்துச்சு. தன் பேரை அடிச்சாரு. முழுசு. அழகுமலை பேரை ஒத்தை விரலால, பயந்து பயந்து அடிச்சாரு. அதுவும் முழுசு.

"பாத்துக்கங்க! என் மெஷின் தங்கம். கோளாறு பூரா அந்தப் பக்கம்தான்."

டீச்சர் ஊசியை உருவிக்கிட்டுப் பின் ரூமுக்குப் போனாங்க. தவசி செருப்பைக் கழட்டிட்டுப் பின்னாடியே போயி, கதவு மறைவுல காதை வச்சாரு. பழக்கம், போகுமா?

உள்ள அழகுமலை அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அவரு குரல்.

"அத்தனை எழுத்தும் வருதே டீச்சர்! நான் அப்பவே நெனச்சேன், என் மெஷினுல ஒரு கொறையும் இல்ல. மச்சான் அனுப்புறதுதான் கிறுக்கலா வருது. வணக்கம் மட்டும் ஒழுங்கா வருது. மத்ததெல்லாம் என்னமோ சூனியம் வச்ச மாதிரி. பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னா வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? நான் என்ன அழுதுரவா போறேன்?"

சொல்லும்போதே குரல் கம்மிப் போச்சு.

தவசி கதவோட ஒட்டி நின்னாரு. போனை எந்தப் பைக்குள்ள போடுறதுன்னு தெரியாம கையிலயே வச்சிருந்தாரு.

டீச்சர் வெளிய வந்து அவரைப் பாத்தாங்க. ஏன் இங்க நிக்கிறீங்கன்னு கேக்கல.

"ரெண்டு மெஷினும் சுத்தம்ணே."

"அது எப்படி? இதுவும் சரி, அதுவும் சரி, வயரும் சரி. அப்ப கட்டம் போட்டது யாரு?"

"தன்கிட்டயே பேசுறப்ப எந்த மெஷினும் தப்பாப் பேசாது."

முன் ரூமுக்கு வந்து, தவசி மெஷினுக்குப் பின்னாடி டீச்சர் குத்த வச்சு உக்காந்தாங்க. வரிசையா குட்டிக் குட்டிச் சுவிட்சு. எல்லாம் கீழ பாத்துக்கிட்டு இருக்க, ஒண்ணு மட்டும் மேல பாத்துச்சு.

"இதை யாரு மேல தள்ளினது?"

தவசி தொண்டையைச் செருமினாரு. "நான்தான். சரிபாக்குற சுவிட்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. எழுத்து வழியில கெட்டுப்போனா காட்டிக் குடுக்கும்னீங்க. நல்ல விசயந்தானன்னு போட்டு விட்டேன்."

"மச்சான்கிட்ட சொன்னீங்களா? அவரும் போடணும்ல?"

"சொல்லிட்டு ஏறினா அது சோதனையா டீச்சர்?"

இப்பதான் டீச்சர் லேசா சிரிச்சாங்க.

"உங்க மெஷின் ஒவ்வொரு எழுத்தோடயும் ஒரு செக்கரை ஏத்தி அனுப்புதுண்ணே. அவரு மெஷினுக்கு அது தெரியாது. செக்கரையும் பயணின்னு சேத்து எண்ணிக்கிடுது. எழுத்தே வேற எழுத்தாப் போயிடுது."

"அவரு அனுப்புறது?"

"செக்கர் இல்லாம வருது. உங்க மெஷின் திருட்டு எழுத்துன்னு எறக்கிவிட்டுட்டு, அந்த எடத்துல கட்டம் போட்டுடுது."

"அப்ப அந்த வணக்கம் எப்படித் தப்பிச்சுச்சு?"

"சில எழுத்துல ஏறினா செக்கருக்கு வேலை இல்ல. இருக்கிற எடமே தெரியாது. அந்த வார்த்தை பூரா அப்படி எழுத்தா அமைஞ்சுபோச்சு."

தவசி தரையில உக்காந்தாரு. சுவிட்சு மேல விரலை வச்சாரு. தள்ளல.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"இதைக் கீழ தள்ளிட்டா, என்னைக்காவது நெசமாவே ஒரு எழுத்து கெட்டு வந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாமயேவா பொண்ணைக் குடுக்குறது?"

கேட்டுட்டு அவரே திடுக்குன்னு நிமிந்தாரு. பின் ரூம்ல அழகுமலை மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

டீச்சர் கீழ கிடந்த வயரை எடுத்து, தூசியைத் தட்டி, அவரு மடியில வச்சாங்க.

"தப்பே வராத பேச்சு வேணும்னா, வயரே மாட்டக் கூடாதுண்ணே."

தவசி ஒரு கையால வயரைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம், சுவிட்சு கீழ விழுகுற சத்தம் 'டிக்'குன்னு கேட்டுச்சு.