ஆளை நிறுத்துகிற குண்டு

ஞானம் தேடுகிறவர்கள் மலை ஏறுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். நாச்சிமுத்து தேடியது துப்பாக்கிக் குண்டு. அதனால் அவர் பள்ளத்தில் இறங்கினார்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, கல் உடைத்துத் தீர்ந்துபோன ஒரு பழைய குவாரி. துப்பாக்கி சுடும் சங்கத்தார் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். மூன்று பக்கம் பாறை, நாலாவது பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் அமலோற்பவம் டீச்சர் இருப்பார். அரசு தடய ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷம், செத்தவர்கள் உடம்பிலிருந்து எடுத்த குண்டுகளைப் பார்த்துப் பார்த்து அறிக்கை எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகு, உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டார்.

நாச்சிமுத்து அவரைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் முதல் நாளிலேயே செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டுத்தான் கொட்டகைக்குள் போனார். கோயிலுக்குள் போகும்போதுகூட அவருக்கு அத்தனை பயபக்தி இருந்ததில்லை.

பயிற்சி முடிந்தது. லைசென்ஸும் வந்தது. தோட்டத்து வீட்டில் நானும் சம்சாரமும் தனியாக இருக்கிறோம், கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்லை, திருடர் பயம் என்று மனுவில் எழுதியிருந்தார். படித்த அதிகாரிக்கு அதில் சந்தேகம் வர ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ரிவால்வரும் வாங்கியாயிற்று. குண்டு மட்டும் பாக்கி. "ரகம் ரகமா இருக்குது, உங்க டீச்சரைக் கேட்டுட்டு வந்து வாங்குங்க" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டார்.

"வீட்டுப் பாதுகாப்புக்கு எந்தக் குண்டு நல்லதுங்க டீச்சர்?"

"நல்லதுன்னா?"

"ஆளை நிறுத்தோணுமுங்க. ஒரே குண்டு. அடிச்சா அங்கேயே நின்னுரோணும்."

"நிக்கணுமா, சாகணுமா?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. "நின்னாப் போதுமுங்க. சாக வேண்டாம்."

"அந்த வித்தியாசம் குண்டுக்குத் தெரியாதே ஐயா."

"கால்ல சுட்டா?"

"தொடையில பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு ஓடுது. கால்லதான் சுட்டேன்னு சொன்னவங்க கேஸ் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கு. எல்லாம் கொலைக் கேஸ்."

டீச்சர் எழுந்தார். முந்தின நாள் தொட்டியில் ஊறப்போட்டிருந்த பழைய செய்தித்தாள் கட்டுகளை எடுத்து, பாறையோரம் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். மனுஷ உடம்புக்குப் பதில் அது. முதலில் மூக்கு உருண்ட குண்டு ஒன்றைச் சுட்டார். அது மூன்று கட்டுகளையும் துளைத்துக்கொண்டு போய்ப் பாறையில் பட்டுத் தெறித்தது.

"இது நிக்காது. போய்க்கிட்டே இருக்கும்" என்றார்.

அடுத்தது மூக்கில் குழி விழுந்த குண்டு. இரண்டாவது கட்டின் நடுவிலேயே நின்றுவிட்டது. ஈரத் தாளைக் கிழித்து அதை வெளியே எடுத்தார். வெடித்த பருத்திக்காய் போல நாலு பக்கமும் விரிந்திருந்தது. நாச்சிமுத்து அதைக் கையில் வாங்கி, பெண்ணுக்கு எடுக்கிற நகையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இதேதானுங்க. இது போதும்." கொஞ்சம் தயங்கினார். "இது தடிசான ஜீன்ஸ் கோட்டு போட்டிருந்தாலும் உள்ள போகுமுங்களா?"

"இந்த ஊர் வெயில்ல ஜீன்ஸ் கோட்டு மாட்டிக்கிட்டு எந்தத் திருடன் வர்றான்?"

"இப்பெல்லாம் பைக்குல வர்றானுங்களே. அதுக்குக் கேட்டனுங்க."

டீச்சர் கொட்டகையில் கிடந்த ஒரு கிழிந்த ஜீன்ஸ் பையை நாலாக மடித்து, புதுக் கட்டின்மேல் கட்டி, பின்னால் ஒரு மணல் மூட்டையையும் வைத்தார். அதே குழி மூக்குக் குண்டைச் சுட்டார். இந்தத் தடவை அது நிற்கவில்லை. கட்டுகளைத் தாண்டிப் பின்னால் மணல் மூட்டைக்குள் போயிருந்தது. தோண்டி எடுத்தபோது மூக்குக் குழி நிறைய நீல நூல் அடைத்திருந்தது.

"துணி அடைச்சுக்கிட்டா இது விரியாது. விரியலைன்னா இதுவும் சாதாரணக் குண்டுதான். அந்தப் பக்கமா வெளிய வந்துடும்."

நாச்சிமுத்துவின் முகம் தொங்கிப்போனது. "குடிச்சிருக்கிற ஆளுக்கு வலி தெரியாதும்பாங்களே டீச்சர். அந்த மாதிரி ஆளை எதுங்க நிறுத்தும்?"

"குடிச்சிட்டு வருவானா?"

"ஒரு பேச்சுக்குக் கேட்டனுங்க."

டீச்சர் ஒரு அட்டை மனிதனை எதிரே நிறுத்தினார். "அஞ்சு ரவுண்டு சுட்டுப் பழகுங்க" என்றார்.

நாச்சிமுத்து துப்பாக்கியை எடுக்கவில்லை. "அட்டையை ஒரு சாண் மேல ஏத்திக் கட்டலாமுங்களா?"

"ஏன்?"

"ஆள் உசரமுங்க."

"எந்த ஆள்?"

டீச்சர் ஒரு குச்சியை எடுத்து அவரிடம் நீட்டினார். கீழே மணலைக் காட்டினார்.

"உங்க வீட்டைப் போடுங்க."

போட்டார். முன்வாசல், ஹால், இடது பக்கம் அவர் அறை, ஹாலுக்கு நேர் பின்னால் சமையல்கட்டு. போடப்போட அவருக்கே கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கட்டின வீடு அல்லவா, ஒவ்வொரு சுவரும் அவர் நின்று எழுப்பியது.

"நீங்க எங்க நிப்பீங்க?"

"என் ரூம் வாசப்படியிலீங்க."

"அவன்?"

"சாப்பாட்டு மேசைகிட்டங்க."

"திருட வந்தவன் பீரோகிட்டப் போகாம சாப்பாட்டு மேசைக்கு ஏன் போறான்?"

நாச்சிமுத்து குச்சியால் மேசையையே சுற்றிச் சுற்றிக் கோடு போட்டார்.

"முன்கதவு பூட்டை எப்படி உடைப்பான்?"

"உடைக்க வேண்டியதில்லீங்க. சாவி வாசல் மாடத்துல இருக்குமுங்க."

"யார் வைக்கிறது?"

"என் சம்சாரம். ராமாத்தாள்."

குவாரிக்கு மேலே யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அப்புறம் நாச்சிமுத்து மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பையனுங்க. ஒரே பையன். கோகுல்."

சொன்னதும் உடைந்துவிட்டார். ஐந்து வருஷமாகக் குடி. குடித்துவிட்டு வந்தால் தோப்பை என் பேருக்கு எழுது என்று ஆரம்பிப்பான். போன மாசம் உலக்கையை ஓங்கிவிட்டான்.

"அடி எனக்கு ஓங்கினதுங்க. இவ நடுவுல பூந்துட்டா. வலது கை ரெண்டா முறிஞ்சு போச்சு. ஆசுபத்திரியில கேட்டாங்க. பாத்ரூமுல வழுக்கி விழுந்தேன்னுட்டா. ஸ்டேஷன்ல இருந்து வீடு தேடி வந்து கேட்டாங்க. அவங்ககிட்டயும் வழுக்கி விழுந்தேன்னே சொல்லி, கையெழுத்துப் போட முடியாம ரேகை வெச்சுக் குடுத்தா. மாவுக்கட்டோட இன்னிக்கும் சாவியை மாடத்துல வெக்கிறா டீச்சர். 'கண்ணு பசியோட வந்தா என்ன பண்ணுவான்'ங்கறா."

டீச்சர் அவர் கையிலிருந்த குச்சியை மெதுவாக வாங்கினார். அறை வாசற்படியில் ஒரு முனையை வைத்தார். மேசையின் மேல் படும்படி நீட்டினார். மறுமுனை சமையல்கட்டு வாசலில் போய் விழுந்தது.

"இங்க யாரு?"

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். "அவதானுங்க. சோத்துத் தட்டோட."

"குண்டு விரியலைன்னா?"

"வேண்டாமுங்க."

"விரிஞ்சா நேரா மேசைகிட்டயே நின்னுடும். அப்போ அவங்க சமையல்கட்டு வாசல்லயே நிப்பாங்களா, நடுவுல வருவாங்களா?"

நாச்சிமுத்துவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. இத்தனை நாள் டீச்சருக்கு முன்னால் குரல் உயர்த்தாத மனுஷன், குவாரிப் பாறை திருப்பிச் சொல்லும்படி கத்தினார்.

"அப்ப நான் என்னங்க பண்றது? தலையைக் குடுத்துட்டு உக்காந்துக்கட்டுமா? சுடாத, சுடாதன்னு எல்லாரும் சொல்லுவீங்க. அவன் கையை ஓங்கறப்போ நீங்க வந்து புடிப்பீங்களா? உங்க பாடத்துல அதுக்கு ஏதாச்சும் பதில் இருக்குதுங்களா?"

"இல்லை" என்றார் டீச்சர்.

அந்த ஒரு வார்த்தை அவர் கோபத்தை எல்லாம் வடித்துவிட்டது. ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பார். கத்துவதற்காவது ஒருத்தர் கிடைத்தாரே என்று இருந்திருக்கும்.

டீச்சர் மேசையிலிருந்து அந்த விரிந்த குண்டை எடுத்தார். பருத்திக்காய் போல விரிந்திருந்த அதே குண்டு. ஒரு தாளில் மடித்து அவர் சட்டைப்பையில் போட்டார்.

"இதை எடுத்துட்டுப் போய், சாவி வைக்கிற மாடத்துல வைங்க. அவங்க கேட்டா இது என்ன, யாருக்குன்னு மறைக்காம சொல்லுங்க. அடுத்த ஞாயிறு வாங்க. எந்தக் குண்டுன்னு அப்போ பேசலாம்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நாச்சிமுத்துவின் நெஞ்சில் அது கனத்தது. ஒரு புளியங்கொட்டை அளவுகூட இல்லாத உலோகம். அன்று சாயங்காலம் மாடத்தில் வைத்தபோது, எதிரே சுவரில் கோகுல் மூன்று வயதில் கரியால் கிறுக்கின யானை இன்னும் அழியாமல் இருப்பது கண்ணில் பட்டது. வெள்ளையடிக்க வந்தவர்களை ராமாத்தாள் வருஷா வருஷம் அந்த இடத்தை மட்டும் தொடவிடுவதில்லை. அவர் பார்க்காததுபோல உள்ளே போய்விட்டார். அவளுடைய காரியங்களைப் பார்க்காததுபோல இருந்து இருந்தே முப்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

அடுத்த ஞாயிறு அவர் கொட்டகைக்கு வந்தபோது செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார். தாளைப் பிரித்து, குண்டை டீச்சர் மேசையில் வைத்தார்.

"வெச்சனுங்க. சாவி வெக்கப் போனவ எடுத்துட்டு உள்ள வந்தா. 'என்னங்க இது'ன்னா. சொன்னனுங்க. கோகுலுக்குன்னு சொன்னனுங்க."

"அழுதாங்களா?"

"இல்லீங்க."

"உங்களை ஏதாவது திட்டினாங்களா?"

"இல்லீங்க. உள்ளங்கையில வெச்சு உருட்டி உருட்டிப் பார்த்தா. முனையெல்லாம் விரல்ல குத்திப் பார்த்தா. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா."

"என்ன?"

நாச்சிமுத்து மேசையிலிருந்த குண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"'இது பட்டா அவனுக்கு ரொம்ப வலிக்குமா'ன்னா டீச்சர்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ குண்டுகளை அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தார்.

"எந்தக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க?"

"இடது கையிலதானுங்க. வலது கைதான் இன்னும்..."

தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்ததுபோல நின்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க. குண்டை என்கிட்டக் குடுத்துட்டு, சாவியைக் கொண்டுபோய் மாடத்துல வெச்சா. தட்டுல சோறு போட்டு மூடி வெச்சா. எப்பவும்போல."

"அவன் வந்தானா?"

"வியாழக்கிழமை வந்தான். மேசையைப் புரட்டிப் போட்டுட்டுப் போனான். நான் ரூமுக்குள்ள தாழ் போட்டுக்கிட்டு நின்னனுங்க." அவர் தலை நிமிரவே இல்லை. "அவ ஒத்தைக் கையில மேசையை நிமித்தி வெச்சுட்டு, கீழ கொட்டின சோத்தைக் கூட்டி அள்ளினா."

வெயில் ஏறித் தகரம் படபடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. நாச்சிமுத்து மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க டீச்சர். இன்னிக்குப் பதில் வாங்காமப் போறதில்லை. நான் எந்தக் குண்டுங்க வாங்கறது?"

டீச்சர் அந்த விரிந்த குண்டை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"அவனை நிறுத்தறதுக்கு ஏதாவது ஒரு குண்டு தேடிக் கொடுத்துடலாம் ஐயா. நடுவுல வந்து நிக்கிற அந்த அம்மாவை நிறுத்தறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை."